ஊர் கேட்காத கல்லுப்பள்ளி

கூரை ஒழுகுகிறது என்றுதான் அவர்கள் வந்தார்கள். கொள்ளேகாலுக்கு அப்பால், மலை மேல் இருக்கிற ஒரு சின்ன ஊரிலிருந்து இரண்டு பேர். தலையில் வெள்ளைத் தொப்பி, தோளில் துண்டு. மைசூர் தேவராஜ மொஹல்லாவில் பாத்திரக்கடைக்கு மேலே மாடியில் இருந்த எங்கள் ஆபீஸுக்கு மூச்சு வாங்க ஏறி வந்தார்கள். ஊர்ப் பள்ளிவாசலைப் பழுது பார்க்க வேண்டும், அதற்கு முன்னால் அதை அளந்து படம் போட்டுத் தர வேண்டும் என்றார்கள்.

"பழைய பள்ளிங்க. முச்சூடும் கல்லுலயே கட்டுனது. விவரம் தெரியாதவன் கைய வெச்சா இடிச்சுப் போடுவான்னு பயமா இருக்குதுங்க" என்றார் அவர்களில் மூத்தவர். அவர்தான் அந்தப் பள்ளியின் மோதினார். தினமும் பாங்கு சொல்வதும், தொட்டியில் தண்ணீர் நிரப்புவதும், கதவைப் பூட்டித் திறப்பதும் அவர் வேலை.

அது தொண்ணூற்றொன்றாம் வருஷத்தின் கடைசி. நான் அந்த ஆபீஸில் படம் வரைகிற வேலையில் இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. அப்பா ஆலையில் ஃபிட்டர். திருச்சிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். நான் பிறந்ததும் படித்ததும் மைசூரில்தான். வீட்டுக்குள் தமிழ், வாசற்படி தாண்டினால் கன்னடம். அதை ஒரு பெரிய விஷயமாக அதுவரை நான் நினைத்ததே இல்லை.

எங்கள் இன்ஜினியரை நான் சார் என்றுதான் கூப்பிடுவேன். அரசு வேலையில் ஓய்வு பெற்று எங்களோடு சேர்ந்தவர். பரம்பரை மைசூர்க்காரர், கன்னடக்காரர். தமிழ் சொன்னால் புரியும், பேச வராது. பழைய கட்டடம் என்றால் அவருக்குச் சாப்பாடு வேண்டாம். கல்லுப்பள்ளி என்ற வார்த்தையைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து, "நோடம்மா, நாமே போய்ப் பார்ப்போம்" என்று கன்னடத்தில் சொன்னார். ஒரு ராத்திரி தங்கி அளந்துவிட்டு வரலாம் என்று ஏற்பாடு. சார் கூட வருகிறார் என்பதால் அப்பா சம்மதித்தார்.

கொள்ளேகாலில் பஸ் மாறி, மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறினோம். வழியில் இரண்டு இடத்தில் போலீஸ் பஸ்ஸை நிறுத்திப் பைகளைத் துழாவினார்கள். அந்தக் காட்டில் ஒளிந்திருந்த சந்தன மரக் கடத்தல்காரனைத் தேடுகிற காலம். நானும் பஸ்ஸில் வந்த மற்றவர்களும் அதைப் பற்றிக் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசினோம். என் பயமெல்லாம் அப்போது அந்தக் காட்டைப் பற்றித்தான் இருந்தது.

ஊர் ஒரு கணவாயின் வாயில் உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கம் மைசூர்ச் சீமை, மறுபக்கம் காவிரிப் பள்ளத்தாக்கில் இறங்கும் பாதை. பாதிக்கு மேல் தமிழ் பேசும் ராவுத்தர் வீடுகள். மிச்சம் கன்னடம் பேசும் லிங்காயத்து வீடுகள். நடுவில் பள்ளி.

அதைப் பார்த்ததும் பள்ளி என்றே எனக்குத் தோன்றவில்லை. கோயில் மண்டபம் மாதிரி இருந்தது. மினார் இல்லை, கும்மட்டம் இல்லை. தட்டையான கல் கூரை, வரிசையாகக் கருங்கல் தூண்கள், தூண் தலையில் தாமரை மொட்டு. ஆனால் எங்கேயும் ஒரு உருவம் கிடையாது. யானை, யாளி, மனிதர் எதுவும் இல்லை. மேற்குச் சுவரில் மட்டும் தொழுகைத் திசை காட்டும் வெறும் மாடம். தொழுகை இல்லாத நேரத்தில் முக்காடு போட்டுக்கொண்டு நானும் உள்ளே வரலாம் என்று மோதினார் அனுமதித்தார். டேப்பின் ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையோடு சார் தூண் தூணாக நகர்ந்தார்.

மோதினார் கூடவே வந்து கதை சொன்னார். அவருடைய முன்னோர்கள் குதிரை வியாபாரிகள். கீழைக் கடற்கரையில் இறங்கிய குதிரைகளைக் காவிரி கடந்து, இந்தக் கணவாய் ஏறி, மேலே இருந்த ராஜாக்களிடம் ஓட்டிக்கொண்டு போவார்கள். சிறுத்தைக்குப் பயந்து குதிரைகளை இங்கே கட்டிப் போட்டு இளைப்பாறுவார்களாம். தங்குவதற்கு ராஜா நிலம் கொடுத்தார். தொழுவதற்கு ஒரு பள்ளி கட்ட நினைத்தபோது கிடைத்தது கோயில் கட்டுகிற கல்தச்சர்கள்தான். அவர்கள் தங்களுக்குத் தெரிந்த மண்டபத்தையே கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

"எழுநூறு வருசம் இருக்குமுங்க" என்றார் மோதினார்.

சார் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டே கன்னடத்தில், "அவ்வளவு இருக்காது. ஆனால் முன்பக்கம் ஒரு காலம், பின்பக்கம் ஒரு காலம். கல்லே வேறு" என்றார். நான் தமிழில் சொன்னேன். மோதினார் சிரித்தார். "இருக்கட்டுமுங்க. நானூறுன்னாலும் நம்மளுக்கு முந்திதானே."

வெளி மண்டபத்தில் ஒரு தூண் அடியில் கறுத்திருந்தது. அதைப் பற்றி சார்தான் கேட்டார். மோதினார் அதே சிரித்த முகத்தோடு சொன்னார்.

"ஒரு காலத்துல படை வந்துதுங்க. யாரு படைன்னு ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க. ஊரு சனம் அத்தனையும், எல்லாச் சாதியும், இதுக்குள்ள வந்து ஒளிஞ்சுட்டாங்க. படைக்காரன் கதவத் தொறந்து ஒவ்வொருத்தனா எந்தூரு, எந்தூருன்னு கேட்டானாம். எதிரி நாட்டு ஊருப் பேரு சொன்னவனையெல்லாம் இழுத்துட்டுப் போயி வெட்டிட்டான். அப்பறம் நெருப்பும் வெச்சான். அதுதான் இந்தக் கறுப்பு. அதுலருந்து இந்தத் தூணுக்குள்ள வந்தவங்கள நாங்க எந்தூருன்னு கேக்கறதில்லீங்க. சோறு போடுவோம், படுக்கச் சொல்லுவோம். ஊரு கேக்க மாட்டோம்."

பிளேக் வந்தபோதும் இப்படித்தான், வெளியூர்க்காரர்களெல்லாம் வந்து படுத்தார்கள், அப்போது யாரையும் விரட்டவில்லை என்றும் சொன்னார். சார் தன் நோட்டில் தூணை வரைந்து கறுத்த இடத்தில் கோடு இழுத்தார். எனக்கு அது ஒரு பழங்கதை, அவ்வளவுதான்.

மறுநாள் காலை பஸ் வரவில்லை. டீக்கடை ரேடியோவில் காவிரித் தீர்ப்பைப் பற்றி ஏதோ சொன்னார்கள். பதினொரு மணிவாக்கில் பால்காரர் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறி வந்து, கீழே கலவரம், தமிழர்கள் கடைகளையும் குடிசைகளையும் கொளுத்துகிறார்கள், பஸ் ஒன்றும் ஓடவில்லை என்றார். தபாலாபீஸ் போனில் கொர்ரென்ற சத்தம்தான் வந்தது.

அப்பாவின் குரல்தான் நினைவுக்கு வந்தது. அவர் தெருவில் நின்று அம்மாவைக் கூப்பிட்டால் நாலு வீடு தள்ளிக் கேட்கும். அத்தனையும் தமிழ். யாராவது அதைக் கேட்டிருப்பார்களோ? வீட்டுக் கதவில் அப்பா தமிழில் பெயர் எழுதி வைத்திருந்தார். அந்த எழுத்தே கண் முன்னால் நின்றது.

"ஒன்றும் ஆகாதம்மா. மைசூர் அப்படிப்பட்ட ஊர் இல்லை" என்றார் சார். அவர் அதை நம்பித்தான் சொன்னார்.

மோதினாரின் மனைவியை நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவர் வீட்டில்தான் படுத்திருந்தேன். அந்த அக்கா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, "அழுகாத கண்ணு. அவங்களுக்கும் பக்கத்து வீடுன்னு ஒண்ணு இருக்குமில்ல" என்றார். சாருக்குப் பள்ளியின் ஓரத்தில் வழிப்போக்கர் தங்கும் அறை.

அதற்கு மறுநாள் மத்தியானம் ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். கீழே ஒரு கல் குவாரியில் வேலை செய்த தமிழ்க் குடும்பங்கள். மலைப்பாதையில் நடந்தே ஏறி, கணவாய் தாண்டிக் காவிரிப் பக்கம் இறங்கப் போகிறவர்கள். தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை. பள்ளி வாசல் திறந்திருந்தது. வெளி மண்டபத்தில் வந்து விழுந்தார்கள். ஒரு பெண்ணுக்கு வலது கை முழங்கை வரை வெந்திருந்தது. புடவைக் கிழிசலைச் சுற்றியிருந்தாள். அவள் புருஷனின் கையில் கல் உடைக்கிற சம்மட்டி. குடிசையிலிருந்து எடுக்க முடிந்தது அது ஒன்றுதான் போலிருக்கிறது. உட்கார்ந்தபோதும் அதைக் கீழே வைக்கவில்லை.

சார் தூணில் சாய்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். அந்த ஆட்கள் பேசப் பேச, அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன். தமிழ் புரிகிற மனிதர் அல்லவா! "ஒரு கன்னடத்தான் என் கையில கெடைச்சா" என்று ஒருவன் ஆரம்பித்து, என்ன செய்வேன் என்பதையும் சொன்னான். மற்றவர்கள் தலையாட்டவில்லை, மறுக்கவும் இல்லை.

நான் எழுந்து போய் சார் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் பாயில் கிடந்த கன்னடப் பேப்பரை மடித்து என் முந்தானைக்குள் செருகிக்கொண்டேன். நோட்டையும் வாங்கி மூடினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று யோசிக்கவே இல்லை. சம்மட்டிக்காரன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க எந்தூருங்க?" என்றான். கேட்டது என்னை இல்லை, சாரை.

தண்ணீர்த் தொட்டி அருகே நின்றிருந்த மோதினார், "இங்க ஊரு கேக்கறதில்லீங்க. அது இந்தப் பள்ளி வழக்கம்" என்றார். குரல் எழும்பவில்லை.

"சும்மா கேக்கறேன் பாய். வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன?"

"எங்க சித்தப்பாங்க" என்றேன். "அவருக்குப் பேச்சு வராது. பக்கவாதம் வந்து நின்னு போச்சு. திருச்சிதான் எங்க ஊரு."

சார் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். அவன் சார் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாவம்" என்றான்.

அன்றைக்கு முழுவதும் சார் வாயைத் திறக்கவில்லை. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு தூணோரம் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் அவர் முன்னால் வந்து நின்று, பேசாத தாத்தாவை வேடிக்கை பார்த்தன. இருமல் வந்தபோது வாயைப் பொத்திக்கொண்டார். இருமலிலும் பாஷை தெரிந்துவிடும் என்று பயந்தவர் போல. அவர் சாய்ந்திருந்தது அந்தக் கறுத்த தூண் என்பதை நான் சாயங்காலம்தான் கவனித்தேன். இடம் மாறி உட்காரச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆனால் நகர்ந்தாலே எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று விட்டுவிட்டேன்.

விளக்கு வைக்கிற நேரம். அக்கா கொடுத்த கஞ்சியை எல்லாருக்கும் ஊற்றிக்கொண்டிருந்தேன். கை வெந்த பெண் இடது கையில் சொம்போடு சார் முன்னால் வந்து குனிந்தாள். ரொம்ப மெதுவாக, "நீரு பேக்கா?" என்றாள். கன்னடத்தில், தண்ணீர் வேண்டுமா என்று.

"பேடம்மா" என்றார் சார். வேண்டாம்மா. சொல்லிவிட்டுத்தான் அவருக்கே உறைத்தது.

நான் கரண்டியோடு நின்றுவிட்டேன். அவள் நிமிர்ந்து சாரைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. வருஷக்கணக்காகக் கன்னடக்காரர்களோடு வேலை செய்தவள். பார்த்த உடனேயே சந்தேகப்பட்டிருப்பாள். சொம்பை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் புருஷன் இருந்த இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். அவன் ஏதோ கேட்டான். அவள் பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை.

சாரை எங்கே கொண்டுபோய் மறைப்பது? மோதினாரிடம் ஓடினேன். "பாய், உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாமா?"

"இப்ப எழுந்திரிச்சுப் போனா அதுதான் அம்மணி வம்பு. ஊருக்குள்ளயும் ரெண்டு பேச்சு ஓடுது. லிங்காயத்து வீட்டுக்காரங்க கதவச் சாத்திட்டாங்க. அங்கயும் பயந்து கெடக்கறாங்க." அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். "நான் வாசல்லயே படுத்துக்கறேன். என்னால ஆனது அதுதானுங்க."

அன்றிரவு அக்காவின் வீட்டில் கண் மூடவில்லை. ஒரு நாய் குரைத்தாலும் எழுந்து உட்கார்ந்தேன். மைசூரில் அப்பாவுக்கு என்ன ஆயிற்றோ என்ற பயமும், இங்கே சாருக்கு என்ன ஆகுமோ என்ற பயமும் கலந்து, எது எந்தப் பயம் என்றே பிரிக்க முடியாமல் போயிற்று. அப்பாவை யாரோ எந்த ஊர் என்று கேட்பது போலவும், நான் தூரத்தில் நின்று சித்தப்பா, சித்தப்பா என்று கத்துவது போலவும் அரைத் தூக்கத்தில் வந்தது.

விடிந்ததும் பள்ளிக்கு ஓடினேன். தூணோரம் சார் இல்லை, பாய் மட்டும் கிடந்தது. மண்டபத்தின் மறுகோடியில்தான் அவரைப் பார்த்தேன். சம்மட்டிக்காரன் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் நடுவில் தரையில் சம்மட்டி. அவன் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தான்.

அவள் சொல்லித்தான் தெரிந்ததா, அவனே கண்டுபிடித்தானா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அவனுடைய கன்னடம் என்னுடையதை விட நன்றாக இருந்தது. குவாரிக்காரன், அவன் மச்சான், பக்கத்துக் குடிசைக்காரர்கள் என்று ஒவ்வொருவராகச் சொன்னான். தீபாவளிக்கு அவர்களுக்குக் கொடுத்தனுப்பிய பலகாரத்தைச் சொன்னான். கொளுத்தியது வெளியாட்கள்தான், ஆனால் எந்தக் குடிசை என்று காட்டிக் கொடுத்தது பக்கத்து ஆள் என்றான். பெண்டாட்டி நெருப்புக்குள் கையை விட்டது தூளியை அவிழ்க்க. பிள்ளையை மூத்த மகள் ஏற்கெனவே தூக்கிக்கொண்டு போய்விட்டாள் என்பது இவளுக்குத் தெரியாது.

"என் மகள் இங்கேதான் பிறந்தாள்" என்றான். "அவளுக்குத் தமிழே தடுமாறும். இப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய் நாங்கள் யார் வீட்டு வாசலில் நிற்பது? நீங்கள் படித்தவர். சொல்லுங்கள், நான் எந்த ஊர்?"

சார் நடுவில் கிடந்த சம்மட்டியைப் பார்த்தார்.

"பேசுங்க! இப்ப மட்டும் ஏன் ஊமை?" இதைத் தமிழில் கத்தினான். பாய்ந்து சார் சட்டையைப் பிடித்துத் தூக்கினான். சாரின் இரண்டு கையும் தானாகக் கும்பிட்டன. அந்தக் கும்பிடு எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. மோதினார் வாசலிலிருந்து எழுந்து வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். மற்ற ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். இந்தப் பக்கம் வரப் போகிறார்களா, சும்மா நிற்கிறார்களா, தெரியவில்லை.

அப்போது வெளியே ஹாரன் சத்தம். கரும்பு ஏற்றுகிற லாரி ஒன்று காலியாகக் காவிரிப் பக்கம் இறங்குகிறது என்று யாரோ சொல்லி நிறுத்தியிருந்தார்கள்.

"வாங்க, எடம் போயிரும்" என்றாள் அந்தப் பெண். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு படியில் நின்றிருந்தாள். "வாங்கன்னா."

அவன் கையை எடுத்தான். குனிந்து சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனான். கொஞ்ச நேரத்தில் மண்டபம் காலியாயிற்று.

சார் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். பித்தான் ஒன்று அறுந்து கிடந்தது. "டேப் எடம்மா. தெற்குப் பக்கம் பாக்கி" என்றார் கன்னடத்தில். எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பேரும் அளந்தோம். அவர் படித்துச் சொல்ல நான் எழுதினேன். அன்றைக்கு எடுத்த அளவுகளில் ஒன்றுகூடச் சரியாக இல்லை என்பது பிறகு படம் போட உட்கார்ந்தபோது தெரிந்தது.

போலீஸ் வண்டி முன்னால் போக பஸ் விட்டதும் இறங்கினோம். வழியில் கரிந்த கடைகள். சாலையோரத்தில் உருகி நின்ற ஒரு சைக்கிள். பஸ்ஸில் யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மலை மேல் பட்டதை விடப் பெரிய பயம் அந்தப் பஸ்ஸில்தான். இத்தனைக்கும் கன்னடம் எனக்கு மூச்சு விடுகிற மாதிரி வரும். திடீரென்று யாராவது கையைப் பிடித்தால் என் வாயிலிருந்து எந்தப் பாஷை வரும் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. அம்மா என்றால் இரண்டிலும் ஒன்றுதான், அய்யோ என்றாலும் ஒன்றுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். சார் பக்கத்து சீட்டில் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார்.

அப்பாவும் அம்மாவும் பக்கத்து வீட்டில் இருந்தார்கள். அந்த வீட்டுக் கன்னடத்து அம்மாள் எங்கள் வீட்டைப் பூட்டிச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, கதவில் இருந்த பெயரைச் சாணி போட்டு மெழுகிவிட்டிருந்தார். யாருக்கும் அடி இல்லை. எங்கள் தெருவுக்குள் கூட்டம் வரவேயில்லை. ஆனால் அப்பாவின் குரல் போய்விட்டது. வீட்டுக்குள்ளேயே அம்மாவைக் கிசுகிசுவென்று கூப்பிட்டார். அது பழையபடி உயர ரொம்ப நாளாயிற்று.

அடுத்த வாரம் ஆபீஸ் திறந்தது. நான் மாடியேறிப் போனபோது சார் ஜன்னலோரம் நின்றிருந்தார். கீழே மார்க்கெட் சத்தம் முழுக்க மேலே வந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும், "வா அம்மா. அப்பா, அம்மா செளக்கியமா இர்காரா?" என்று கேட்டார். தமிழில். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, தப்பும் தவறுமாக, எல்லார் காதிலும் விழும்படி.

நான் ஜன்னலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறார்கள் என்பதை "சென்னாகித்தாரெ சார்" என்று அவசரமாகக் கன்னடத்தில் சொன்னேன். அவருக்குப் புரிந்தது. போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

தெற்குப் பக்கத்தை மறுபடி அளக்க வேண்டியிருந்தது. சார் தனியாகப் போய் வந்தார். அடுத்த மழைக்கு முன்னால் கூரை வேலையும் முடிந்தது. தூண்களில் கை வைக்காமல், பலகைக் கற்களை மட்டும் தூக்கிச் சுண்ணாம்புக் காரை போட்டுத் திரும்ப அடுக்கினார்கள். கறுத்த தூணைச் சுரண்டலாமா என்று கொத்தனார் கேட்டதற்கு மோதினார் கூடாது என்றுவிட்டாராம். வேலை முடிந்த வெள்ளிக்கிழமை எங்கள் ஆபீஸ் முழுவதையும் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். அக்கா என்னைக் கட்டாயம் வரச் சொன்னதாகச் சார் சொன்னார். காலையில் புடவை கட்டி, பஸ் ஸ்டாண்டு வரை போனேன். கொள்ளேகால் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டர் படியில் நின்று, ஏறுகிறவர்களை எந்த ஊர், எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஏறாமல் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டேன்.